கரிநாக்குப் பெரினாவும் ஒன்பதாம் இடமும்

அன்றைக்குப் பெரினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸாதார் ஊரின் கொலோவாரே கடற்கரையில், பைன் மரத்தடியில் துண்டை விரித்தாள். உட்கார்ந்தாள். எழுந்து துண்டை உதறி, கொஞ்சம் தள்ளி விரித்தாள். அங்கே எறும்பு. மறுபடியும் பழைய இடத்துக்கே வந்தாள். பக்கத்தில் படுத்திருந்த ஸோர்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள். ஒருத்தியை ஒருத்தி திட்டாமல் ஒருநாளும் போனதில்லை.

"அடியே, அந்தத் துண்டுக்கு வாய் இருந்தா அழுதிருக்கும். ஒரு எடத்துல உக்காந்து தொலையேன்."

"காத்து சரியில்லடி."

சொன்ன பிறகுதான் பெரினா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேறு எதை வேண்டுமானாலும் சொல்லலாம், இன்றைக்குக் காற்றைப் பற்றி மட்டும் அவள் வாயே திறக்கக் கூடாது.

காற்று சரியில்லைதான். விடிந்ததிலிருந்து யூகோ அடித்துக்கொண்டிருந்தது. தெற்கேயிருந்து வருகிறதே என்று தென்றலாக நினைத்துவிடாதீர்கள். ஈரக் கம்பளியைத் தலையில் போட்டு அமுக்குகிற காற்று அது. வீட்டுத் தரை வியர்க்கும், ரொட்டி நமுத்துப்போகும், கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. நல்ல மனிதர்கள்கூட எரிந்து எரிந்து விழுவார்கள். அதனால்தான் ஸாதார் ஊரில் யூகோ அடிக்கிற நாளில் யாரும் வீடு வாங்க மாட்டார்கள், பெண் கேட்டுப் போக மாட்டார்கள். அன்றைக்குத் திட்டினால் திட்டாகாது, வாக்குக் கொடுத்தால் வாக்காகாது. மறுநாள் "யூகோப்பா, விடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடித்துக்கொண்டவர்கள் ஒரே மேசையில் காப்பி குடிப்பார்கள்.

இப்படிப்பட்ட நாளில்தான், பாவம், பெரினா ஒரு பொய் சொல்லியாக வேண்டியிருந்தது. அதுவும் செல்லுபடியாகிற பொய்.

கூடைப்பந்து லீக் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது. இந்த ஊரில் மீன் விற்கிறவருக்கும் பல் பிடுங்குகிறவருக்கும் பாதிரியாருக்கும் கூடைப்பந்தில் ஒரே அளவு ஞானம். அதாவது, எல்லாருக்கும் எல்லாம் தெரியும். பத்து அணிகள் ஆடுகிற லீக்கில் நம்ம கிளப் கடைசியில் எந்த இடத்தில் நிற்கும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரினாவின் கூட்டம் அதைக் கடலுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுதான் சொல்லும். தண்ணீருக்குள் சொன்னதைக் கரைக்கு வந்து மாற்றக் கூடாது. வசந்தத்தில் லீக் முடிந்ததும் யாருடையது ரொம்பத் தப்போ, அந்த ஆள் அடுத்த குளிர்காலத்தில், ஊரே கம்பளியைச் சுற்றிக்கொண்டு வேடிக்கை பார்க்க, படகுத்துறையிலிருந்து கடலில் குதிக்க வேண்டும். ஸோர்கா பலமுறை குதித்தவள். வருஷா வருஷம் "முதலிடம்" என்றே சொல்கிறவள் வேறென்ன செய்வாள்?

பெரினா ஒருமுறைகூடக் குதித்ததில்லை. கரிநாக்கு என்று ஊரில் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு வருஷம் இரண்டு அமெரிக்கர்கள் வந்து சேர்ந்தார்கள், ஊர் முழுக்கக் கொடி தைத்தது. "ஏழாவது. ரெண்டு பேருக்கும் பந்து வேணும், யாருக்கும் பந்து குடுக்கத் தெரியாது" என்றாள் பெரினா. ஏழாவதுதான். அடுமனைக்காரி கோபத்தில் ஒரு மாதம் அவளுக்குக் கருகின ரொட்டியாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தாள். இன்னொரு வருஷம் பாதி அணி கட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "ரெண்டாவது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கிளப் இரண்டாவதாக வந்ததும் அதே அடுமனைக்காரி நடுத்தெருவில் அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அடேயப்பா, அந்த ஊர்ப் பாசமே பாசம்.

இதெல்லாம் வானத்திலிருந்து வந்ததல்ல. பெரினாவும் ஆடியவள். பெண்கள் அணியில் பந்தை நடத்துகிறவளாக இருந்தாள். யாருக்குப் பந்து போகப்போகிறது என்று அவள் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். வயிற்றில் ரோக்கோ வந்தான், ஆட்டம் நின்றது. புருஷன் டூயே, கப்பல் இயந்திர அறையில் வேலை பார்க்கிறவன், வருஷத்தில் பாதி கடலில். இவள் தீவுகளுக்குப் போகிற படகுக்குச் சீட்டுக் கிழித்துக்கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள், இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். சீட்டுக் கேட்கிறவனிடமும் "நேத்து அந்தக் கடைசிப் பந்தைப் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள். படகு ஊதும். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் கத்துவார்கள்.

அவளுடைய ஆட்டம் எங்கே போய்விட்டது என்று யாரும் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ரோக்கோவுக்கு அப்படியே இறங்கியிருந்தது. அதே கண், அதே கள்ளத்தனம். நம்ம கிளப்பின் பந்தை நடத்துகிறவன் இப்போது அவன்தான். அவன் முகம் வரைந்த சுவர்கூட ஒன்று இருக்கிறது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில்.

இரண்டு வருஷத்தில் அதே வலது முட்டி இரண்டுமுறை கிழிந்தது. இரண்டுமுறையும் தைத்தார்கள். இன்னொருமுறை கிழிந்தால் ஓட்டம் இருக்கட்டும், நடையே காலம் முழுக்க நொண்டல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கு முப்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் வேலை தயாராக இருக்கிறது. ஆனால் ஊர் விடுமா? "இந்த ஒரு வருஷம் மட்டும் ஆடு ராசா" என்று மீன் சந்தையிலேயே காலைப் பிடிக்காத குறை. கிளப் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அவன் இல்லாமல்தான் லீக்.

போன வாரம் சாப்பிடும்போது அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, ஞாயித்துக்கிழமை கடல்ல நீ எத்தனாவது இடம்னு சொல்றதைக் கேட்டுட்டுத்தான் நான் முடிவெடுப்பேன். தேறாத டீமுக்காக முட்டியக் குடுக்க நான் என்ன முட்டாளா?"

அவன் விளையாட்டாகச் சொன்னானோ நிஜமாகச் சொன்னானோ, பெரினாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ஏனென்றால் அவளுக்குத் தெரியும். இந்த வருஷ அணியை அவள் பயிற்சியிலேயே போய்ப் பார்த்துவிட்டாள். ரோக்கோ ஆடினால் முதலிடம். இருபது வருஷத்தில் இப்படி ஓர் அணி அமைந்ததில்லை. அதைச் சொன்னால் மகன் ஆடுவான், முட்டி போகும். சொல்லாமல் விட்டால் அதை வைத்தே அவன் உண்மையைக் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே ஒன்பதாவது என்று சொல்வதாக முடிவு செய்தாள். பத்தாவது என்றால் நம்ப மாட்டான். ஒன்பது நம்புகிற மாதிரி இருக்கும்.

எல்லாம் சரியாக யோசித்தவளுக்கு இந்தப் பாழாய்ப்போன காற்று இப்படி வந்து நிற்கும் என்று தெரியவில்லை.

கூட்டத்தின் மூன்றாவது ஆளான லூயோ மாமா வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற படகுத் தலைவர். வெள்ளை மீசை, தொப்பை, காற்று என்று வந்துவிட்டால் அவர் வைத்ததுதான் சட்டம். கடலைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் புரண்டு புரண்டு வந்தது. "இன்னிக்கு என்னத்தச் சொல்றது? சுத்தமான யூகோ. அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

"எங்கே யூகோ?" பெரினா சீறினாள். "லேசா மப்பு போட்டிருக்கு, அவ்வளவுதான். வயசானா எல்லாக் காத்தும் யூகோவாத்தான் தெரியும் மாமா."

"ஏம்மா, உன் தலைமுடியப் பாரு, எப்படிச் சுருண்டு கெடக்குன்னு! தலவலி மாத்திரை போட்டியா இல்லியா?"

"போடல."

"ரெண்டு போட்டா" என்றாள் ஸோர்கா படுத்தபடியே. "என் எதிர்லதான் முழுங்கினா."

"நீ சும்மா கெட. அடுத்த வாரம் லீக் ஆரம்பிச்சிடும். ஆரம்பிச்ச பிறகு சொல்றதுக்குப் பேரு ஆரூடமா? எறங்குங்க எல்லாரும்."

அவள் போன வேகத்தைப் பார்த்து இருவரும் பின்னாலேயே தண்ணீரில் இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்து ரோக்கோவும் படிக்கட்டில் இறங்கி வந்தான். தோளில் துண்டு. வலது காலைக் கொஞ்சம் யோசித்து யோசித்து வைக்கிற நடை. கரையிலிருந்த பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தின. அவன் கையாட்டிவிட்டு, சட்டையைக் கழற்றி எறிந்து, தண்ணீருக்குள் வந்து அம்மாவுக்கு எதிரே நின்றான்.

ஸோர்கா சொன்னாள்: "முதலிடம்."

"குதிக்கிறதுக்கு இப்பவே நீச்சலுடையத் தயாரா வச்சிக்க" என்றார் லூயோ. "என்னோடது ஆறு. ஆனா இன்னிக்குச் சொன்னது எதுவும் செல்லாது, யூகோ, சொல்லிட்டேன்."

பெரினா வாயைத் திறந்தாள். ஓர் அலை வந்து வாயில் உப்பை அடித்தது. துப்பினாள்.

"ஒம்போது."

ஸோர்கா தடுமாறித் தண்ணீருக்குள் உட்கார்ந்தே விட்டாள். "என்னது? ஒம்போதா? அடிப்பாவி, உன் வாயில மண்ண அள்ளிப் போட!"

"ஒம்போதுதான். ரிங்குக்குக் கீழே நிக்கிற ஆளுக்கு உசரம் பத்தாது. புது ஆளு பந்து வாங்கினா விட மாட்டேங்கிறான். ரோக்கோ ஆடினாலும் ஒம்போது, ஆடாட்டியும் ஒம்போது." அவள் மகனைப் பார்க்காமல் தொலைவிலிருந்த தீவைப் பார்த்துச் சொன்னாள். குரல் தேவைக்கு மேலே உரக்க இருந்தது.

ரோக்கோ சிரிப்பை அடக்குகிறவன் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு முங்கினான்.

அதற்குப் பிறகு பெரினாவுக்கு இன்னும் மோசமாகிவிட்டது. கரைக்கு வந்தாள். அத்திப்பழத்தை எடுத்தாள், வைத்தாள். கப்பலில் இருக்கிற புருஷனுக்குப் போன் போட்டாள், கிடைக்கவில்லை. தூரத்தில் நீந்துகிற மகனின் தலையை எண்ணெய்ச் சட்டியில் கண் வைத்திருப்பவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினானா? நம்பியிருந்தால் அவன் முகம் ஏன் அப்படிப் போயிற்று? பெற்ற பிள்ளையின் ஆட்டத்தை ஊர் முன்னால் ஒன்பதாவது என்று சொல்லிவிட்டோமே என்று ஒரு பக்கம் வயிறு எரிந்தது. நொண்டிக்கொண்டு நடக்கிற ரோக்கோவை நினைத்தால் இன்னொரு பக்கம் எரிந்தது.

திடீரென்று இருட்டியது. பட்டாணிபட்டாணியாக மழை. ஸோர்காவும் லூயோ மாமாவும் தங்கள் துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு மேலேயிருந்த காப்பிக்கடைக்கு ஓடினார்கள். ரோக்கோ கரையேறி அம்மா நின்ற பைன் மரத்தடிக்கு வந்தான். மழை வந்த வேகத்திலேயே போய்விட்டது. கழுத்தில் சில்லென்று ஒரு காற்று பட்டது. மலைப் பக்கம் மேகம் கிழிந்து நீலம் தெரிந்தது. கடலின் புரளல் அடங்கி, மேலே சின்னச் சின்னச் சுருக்கமாகத் தெற்குப் பார்த்து ஓடியது.

"ஈரத்தோட நிக்காதடா, துணிய மாத்து. இடுப்புல காத்து ஏறிடும்."

"அம்மா."

"மாத்துடா மொதல்ல."

அவன் மாற்றிக்கொண்டான். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னான்: "காலைல மத்திமீன் கழுவிக்கிட்டே ‘ஒம்போது, ஒம்போது'ன்னு சுவரப் பாத்து ஒத்திகை நடத்தினியே. நான் பக்கத்துலதான் பல்லு வெளக்கிக்கிட்டு நின்னேன்."

பெரினா துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "நான் மீனை எண்ணினேன்."

"எல்லா மீனும் ஒம்போதாவது மீனா?" அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "நீ பொய் சொல்லி நான் கேட்டதே இல்லம்மா. அதுவும் ஆட்டத்துல. உனக்கு அவ்வளவு பயம்னா எனக்கு எதுக்கு இந்த ஆட்டம்? அப்பவே போய் கோச்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். நான் ஆடல, வேணாம்னு."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நெஜமா?"

"சத்தியமாம்மா."

பெரினா அவன் தலையை இழுத்து நெற்றியிலும் கன்னத்திலும் காதிலும் மாறி மாறி முத்தமிட்டாள். அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துண்டில் துடைத்தாள். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. பையைத் திறந்து அத்திப்பழம், பாலாடைக்கட்டி, ரொட்டி எல்லாவற்றையும் அவன் மடியில் கொட்டினாள். இப்போதுதான் அவளுக்கே பசி தெரிந்தது.

ரொட்டியை மென்றுகொண்டே அவன் கேட்டான்: "சரி, எல்லாம்தான் முடிஞ்சு போச்சே. இப்பவாவது சொல்லு. நெஜமா எத்தனாவதுன்னு நெனச்சே?"

அங்கேதான் மோசம் போனாள் பெரினா. வாயை மூடிக்கொண்டு இன்னொரு அத்திப்பழம் தின்றிருந்தால் போதும். ஆனால் ஒரு வாரமாக அடக்கி வைத்த பேச்சு; தொண்டை வரைக்கும் நின்றது. தவிர, உண்மையான கணக்கை யாரிடமும் சொல்லாமல் செத்துப்போகிற பொம்பளை இல்லை அவள்.

"ஒம்போதாவது மண்ணாவது!" என்று கையைத் தட்டினாள். "நீ ஆடியிருந்தா முதலிடம்டா! இங்கே பாரு." கூழாங்கற்களைப் பொறுக்கித் துண்டின்மேல் வைத்தாள். "இது அந்த உசரக்காரப் பய. எல்லாரும் மக்குன்னு நெனைக்கிறாங்க, மக்கில்ல, அவனுக்குப் பந்து லேட்டா வருது, அவ்வளவுதான். நீ இங்கேர்ந்து, பாக்காம குடுப்பியே, அந்த மாதிரி குடுத்தா அவன ஒருத்தனாலயும் தடுக்க முடியாது. இவன் புது ஆளு. உன்கூட ஆடினா அடங்குவான், நான் பயிற்சியில பாத்தேன், உன்னையே பாத்துக்கிட்டிருக்கான். பனிக்காலம் வரைக்கும் ரெண்டு மேட்ச் தோப்பீங்க, அதுவும் வெளியூர்ல. அப்புறம் யாரு? ஒருத்தன் கிட்ட வர முடியாது! இருபது வருஷத்துல நான் இப்படி ஒரு டீமப் பாத்ததில்லடா ரோக்கோ. ஊரு பைத்தியமாகியிருக்கும்."

அவள் கண்கள் மின்னின. கை கற்களை நகர்த்திக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது ரோக்கோ மெல்லுவதை நிறுத்தியிருந்தான். கற்களை அல்ல, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ இப்படிப் பேசி எத்தன நாளாச்சும்மா" என்றான்.

"அதெல்லாம் போகட்டும், தின்னு."

"இன்னொண்ணு சொல்லணும். காலைல கோச்கிட்ட வேணாம்னு சொன்னேன்ல, அவர் வாங்கிக்கல. ‘யூகோ அடிக்கிறப்போ சொல்ற முடிவு எனக்கு முடிவே இல்ல, காத்து திரும்பினதும் வந்து சொல்லு, சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கேன்'னு சொல்லி அனுப்பிட்டார். வீட்டுக்குப் போற வழியில திரும்பவும் வேணாம்னு சொல்லிட்டுப் போலாம்னுதான் கிளம்பி வந்தேன்."

பெரினா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பைன் ஊசியிலைகள் எல்லாம் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து நின்றன. காய்ந்த, சில்லென்ற, சுத்தமான வாடைக்காற்று. இந்தக் காற்றில் சொன்ன சொல்லை யாரும் திருப்பி வாங்க முடியாது.

"அப்ப போய் வேணாம்னே சொல்லிட்டு வா" என்றாள். கண் கற்களின்மேலேயே இருந்தது.

அவன் எழுந்து நின்று கால்சட்டையிலிருந்த மணலைத் தட்டினான். குனிந்து, அவள் வைத்த கற்களில் தனக்கான கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தான். அவள் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தான். படிக்கட்டைப் பார்த்து நடந்தான். வழக்கத்தைவிட வேகமாக, ஊர் பார்க்கட்டும் என்பது மாதிரி, நொண்டாமல்.

"ரோக்கோ!" பெரினா துள்ளி எழுந்து கத்தினாள். "டேய்! பொய்யிடா! நான் சொன்னது பொய்யி! ஒம்போதுதான்!"

மேலே காப்பிக்கடையிலிருந்து ஸோர்காவும் லூயோ மாமாவும் எட்டிப் பார்த்தார்கள். ரோக்கோ கடைசிப் படியில் நின்று திரும்பினான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எந்தக் காத்துலம்மா சொன்னே?"

பெரினா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். லூயோ மாமா அங்கே நின்று மூக்கை நிமிர்த்திக் காற்றை மோந்துகொண்டிருந்தார். ரோக்கோ காத்திருந்தான். அவளுக்குப் பொய் வரவில்லை.

"முட்டிக்குப் பட்டையப் போட்டுக்கிட்டு ஆடுடா, சனியனே!" என்று கத்தினாள். பிறகு துண்டில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.